ஐந்து வாய்களும் ஒரு பூண்டு ஊறுகாய் பாட்டிலும்

பகல் இரண்டு மணிக்கு இன்சோமின் வேலை போகப் போகிறது. போக வைத்தவள் புவாலாய்தான். அதில் அவளுக்குத் துளியும் வருத்தம் இல்லை. இருந்தால், பண்டிகைக்கு முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு பாங் கூம் மலை மேல் பைக்கை விரட்டிக்கொண்டு போவாளா? அவன் மேல் அவள் எழுதிக் கொடுத்த மூன்று பக்கப் புகாரோடு சேர்க்க இன்னும் ஐந்து படங்கள் வேண்டும். ஐந்து பேர் வாயைத் திறந்து காட்டினால் போதும், ஆள் காலி.

புவாலாய் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் பல் நர்ஸ். நாற்பத்திரண்டு வயது. கோபக்காரி, ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்று ஊரில் பேர். பின்பாதி பொய். எல்லாவற்றையும் தேதியோடு வைத்துக்கொள்வாள்.

நடந்தது இதுதான். கீழ்ப்பல் மொத்தமும் போனவர்களுக்கு ஆஸ்பத்திரி ஒரு நல்ல காரியம் செய்தது. தாடை எலும்பில் இரண்டு டைட்டானியம் திருகுகளை இறக்கி, அவற்றுக்குக் குறுக்கே ஒரு டைட்டானியம் கம்பியைப் பூட்டி, அதன்மேல் டப்பென்று மாட்டுகிற பல்செட்டு. கழற்றலாம், மாட்டலாம், சோளக்கருதைக்கூடக் கடிக்கலாம். அந்தக் கம்பியை வார்த்து, ராவி, கண்ணாடியாகப் பளபளக்க வைப்பது இன்சோமின் வேலை. ஆஸ்பத்திரியின் பின்பக்கப் பட்டறையில் தனியாளாக உட்கார்ந்திருப்பான். முப்பத்தொரு வயதுக்காரன், வாயிலிருந்து வார்த்தையைக் குறடு போட்டுத்தான் பிடுங்க வேண்டும்.

டவுனில் பதினேழு பேருக்குப் போட்டான். பதினேழும் முகம் பார்க்கலாம். பாங் கூம் மலையில் ஐந்து பேருக்குப் போட்டான். எட்டே மாதத்தில் ஐந்தும் மங்கிக் கறுத்து, கையால் தடவினால் சொரசொரவென்று, கண்ணுக்குத் தெரியாத பூச்சி அரித்தது போல் ஆகிவிட்டன. ஈறெல்லாம் வீங்கிச் சிவந்து கிடந்தது. டைட்டானியம் அரிக்காது என்றல்லவா சொன்னார்கள்? கடலில் பத்து வருஷம் போட்டு வைத்தாலும் அப்படியே இருக்குமாம். அப்படியானால் இது என்ன?

புவாலாய்க்கு பதில் கிடைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டவுன்காரனுக்கு அசல், மலைக்காரனுக்குப் போலி, மிச்ச உலோகத்தை விற்ற காசு அவன் பைக்கு. வேறென்ன? அவளே பாங் கூமுக்கு அடுத்த மலையில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் "மலைக்காரி, மலைக்காரி" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பழைய சிரிப்புக்கும் சேர்த்துத்தான் மூன்று பக்கம் எழுதினாள்.

இன்சோம், பாவம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சோதனை செய்தான். மலைக்காரர்கள் வாயில் போகிற புதுப் பொருள் எது? இவள் கொடுத்த ஃப்ளோரைடு ஜெல். ஐவருக்கும் மேலே சில பல்கள் மிச்சம் இருந்தன, அவையாவது சொத்தையாகாமல் இருக்கட்டும் என்று கொடுத்தது. பழைய பொருள் எது? மியாங். தேயிலையை அவித்துக் கட்டுக் கட்டாக மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்களே, அது. அந்த மலையில் மியாங்கைக் கன்னத்தில் அதக்காமல் யாருக்கும் பொழுது போகாது. இன்சோம் ஒரு துண்டு டைட்டானியத்தை ஜெல்லில் ஒரு வாரம் போட்டான். இன்னொரு துண்டை மியாங் சாற்றில் ஒரு வாரம் போட்டான். இரண்டும் போட்டது போலவே மின்னின. அந்த இரண்டையும் அவனே கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான், அசடு!

"அப்போ இங்க நீ வச்சிருக்கிறது அசல். அவங்க வாயில வச்சதுதான் போலி. நீயே நிரூபிச்சிட்டே," என்றாள் புவாலாய்.

"அக்கா, நான் எதுக்கு அப்படிப் பண்ணப் போறேன்?" என்று மட்டும் கேட்டான். அன்றிலிருந்து அவளைக் கண்டால் நடையின் மறுபக்கம் போய்விடுவான்.

நாளைக்குப் புதுவருஷம், ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடும் சித்திரைப் பண்டிகை, நாலு நாள் லீவு. அதற்குள் இந்தத் தலைவலியை முடித்துவிட வேண்டும் என்று பெரிய டாக்டர் விரோட் இன்று இரண்டு மணிக்குக் கூட்டம் போட்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் அவர் கையில் சீயக்காயும் பூவும் போட்ட தண்ணீரை ஊற்றி, வருஷம் பூராவும் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டு ஆசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. வெள்ளிக் கிண்ணத்தைக்கூட முந்தின நாளே தேய்த்து வைத்துவிட்டார்கள்.

பாங் கூமில் முதல் வீடு கேவ்முன்னுடையது. ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, உட்கார்ந்த இடத்தில் ஊர்க்கதை அத்தனையும் நடத்துகிறவள். மலையில் முதன்முதலில் பல்செட்டு மாட்டியவளும் அவள்தான். அதைப் பார்த்துத்தான் மற்ற நாலு பேரும் தைரியமாக வந்தார்கள். புவாலாய் போனபோது அவள் அடுப்படிக்கு வெளியே மியாங் கட்டுகளை அவித்துக்கொண்டிருந்தாள். வாசமே கமகமவென்றிருந்தது.

"வாடி என் பல்லு டாக்டரம்மா! பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்துக் குடுக்க வந்தியா, ஊசி போட வந்தியா?"

"ரெண்டும் இல்லக்கா. வாயத் தொறங்க, படம் எடுக்கணும்."

"காலங்காத்தால எடுக்குற படமா இது! என் மூஞ்சிய எடுத்தாலாவது நாலு பேர் பாப்பான்."

வாயைத் திறந்தாள். பல்செட்டைக் கழற்றினாள். புவாலாய் கம்பியைப் படம் எடுத்தாள். முன்பைவிட மோசமாகியிருந்தது. அவளுக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது.

"இன்னிக்கோட அவன் கதை முடிஞ்சுதுக்கா. உங்க அஞ்சு பேர் வாயக் கெடுத்தானே, ரெண்டு மணிக்கு அவனத் தொரத்தப் போறாங்க."

"யார, அந்தக் கம்பிக்காரப் பையனையா? ஐயோ பாவம்! நான் இருமினப்ப எனக்குத் தண்ணி மோந்து குடுத்த புள்ளடி அது."

"தண்ணி குடுத்தா ஆச்சா? வாயில தகரத்த வச்சிருக்கான்."

காலைச் சாப்பாடு முடிந்த நேரம். கேவ்முன் பல்செட்டை ஈரத்துணியில் சுருட்டி வைத்துவிட்டு, சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு மியாங் இலைக்கொத்தைப் பிரித்தாள். இரண்டு கல் உப்பு வைத்தாள். ஒரு சீவல் இஞ்சி வைத்தாள். பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்து, மூடியைத் திருகி, விரல் நீளத்துக்கு வழவழவென்று ரோஜா நிறத்தில் ஒன்றைப் பிதுக்கி இலை நடுவில் வைத்து, பக்குவமாகச் சுருட்டி, கன்னத்துக்குள் தள்ளினாள்.

அது புவாலாய் கொடுத்த ஃப்ளோரைடு ஜெல்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"மருந்து போடுறேன்."

"மியாங்குக்குள்ளயா?"

"பின்ன? நீதான சொன்ன." வாயில் உருண்டையோடு கேவ்முன் பேசினாள். "எவ்வளவு நேரம் வாயில வச்சிருக்கீங்களோ அவ்வளவு நல்லதுன்னு சொன்னியா இல்லியா? அந்தக் கருமம் வழவழன்னு ரெண்டு நிமிசத்துல தொண்டைக்கு ஓடுது. யோசிச்சேன். மியாங்குக்குள்ள வச்சேன். இப்பப் பாரு, ஒரு மணி நேரம் ஆடாம அசையாம நிக்கும். முன்னெல்லாம் பல்லில்லாத வாயில உருண்டை வழுக்கிட்டு ஓடும். இப்ப இந்தக் கம்பி இருக்கே, அதுக்குன்னே செஞ்ச மாதிரி அப்படியே புடிச்சுக்குது!"

புவாலாய் அந்த டியூபைப் பிடுங்கிப் பார்த்தாள். "நீங்க மட்டுமா?"

"என்னடி இப்படிக் கேக்குற? நல்லத நான் ஒளிச்சு வச்சுக்குவேனா? அஞ்சு பேருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை. தவறினதே கிடையாது. உன் பேச்ச மீறுவோமா நாங்க?"

புவாலாய் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷம், மதியத் தூக்கத்தில் பாதி காதில் விழுந்த பாடம் ஒன்று இருபது வருஷம் கழித்து இப்போது முழுசாக எழுந்து வந்தது. ஃப்ளோரைடு தனியாக இருந்தால் சாது. அதைப் புளிப்போடு சேர்த்தால் அதுவே வேறொரு அமிலம். கண்ணாடியையே தின்னும் அமிலம். டைட்டானியத்தை அரிக்க விடாமல் அதன் மேல் மெல்லிசாக ஒரு தோல் இருக்கிறதே, அதைத்தான் முதலில் உரிக்கும். தோல் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? டைட்டானியமும் மற்ற உலோகம் மாதிரிதான்.

இன்சோம் ஜெல்லைத் தனியாகச் சோதித்தான். மியாங்கைத் தனியாகச் சோதித்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கவில்லை. எப்படித் தோன்றும்? உலகத்தில் வேறெந்த ஊரில் எவர் பல் மருந்தைப் புளித்த தேயிலையில் சுருட்டி ஒரு மணி நேரம் அதக்குவார்?

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டு கேவ்முன்னைக் கட்டிப்பிடித்தாள். "அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்! கம்பி அசல்! கம்பி அசல்க்கா!"

"விடுடி, மூச்சு முட்டுது! பேய் புடிச்சிருச்சா?"

"துப்புங்க! மொதல்ல அதத் துப்புங்க!"

"நல்ல மியாங்குடி!"

"துப்புங்கன்னா!"

கேவ்முன் துப்பினாள். அதற்குள் புவாலாயின் சந்தோஷம் பாதியில் நின்றது. கம்பி அசல் என்றால் இன்சோம் திருடன் இல்லை. இன்சோம் திருடன் இல்லை என்றால் மூன்று பக்கம் எழுதியது யார்? எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு நல்லது என்று சொன்ன வாய் யாருடையது? கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஆகப் போகிறது.

இன்சோமுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. அவள் பேரைப் பார்த்தால் எவன் எடுப்பான்? ஆபீசுக்குப் போட்டாள். நிர்வாக அதிகாரி சுத்திபோங் எடுத்தார். அவருக்கு எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் ஜீரணமாகும்.

"சார், கூட்டத்த நிறுத்துங்க! கம்பில தப்பில்ல! மியாங்கும் ஜெல்லும் சேர்ந்து…"

"புகார் குடுத்ததே நீங்கதானேம்மா?"

"ஆமா சார், ஆனா இப்ப…"

"வாய்வார்த்தைய நான் எங்க பதியறது? எதுவா இருந்தாலும் ரெண்டு மணிக்கு நேர்ல வந்து சொல்லுங்க. ஆதாரத்தோட." வைத்துவிட்டார்.

ஆதாரம்! புவாலாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். பைக் சாவி கண்ணில் பட்டது. சாவியில் ஒரு மீன் தொங்கியது. விரல் அளவு, மிச்சம் விழுந்த டைட்டானியத்தில் இன்சோம் போன புதுவருஷத்துக்கு ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஒவ்வொன்று செய்து கொடுத்தது. சண்டைக்குப் பிறகு கழற்றி எறியத்தான் நினைத்தாள், ஆனால் மீன் இல்லாத சாவி தினமும் தொலைந்துபோயிற்று, அதனால் திரும்ப மாட்டிக்கொண்டாள். ஒரு வருஷமாகச் சாவியோடு உரசியும் சுத்தமாக மின்னியது.

"அக்கா, ஒரு கண்ணாடி பாட்டில் குடுங்க!"

கேவ்முன் பூண்டு ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தாள். இருவருமாக மியாங்கைப் பிழிந்து சாறு எடுத்தார்கள். புவாலாய் ஜெல்லை அதில் பிதுக்கிக் கலக்கினாள்.

"எச்சில் வேணாமா? வாயில இருந்தா எச்சிலும் சேருமே," என்றாள் கேவ்முன் ரொம்பப் பொறுப்பாக.

"நீங்க சும்மா இருங்க!" என்ற புவாலாய் ஒரு நொடி யோசித்து, "சரி, கொஞ்சம் துப்புங்க," என்றாள்.

மீனை உள்ளே போட்டு மூடியைத் திருகினாள். கேவ்முன் பல்செட்டை எடுக்கவும் மறந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாட்டில் அவள் மடியில். பைக் சரிவில் பாய்ந்தது.

நாற்பது கிலோமீட்டர். அதில் பாதி வளைவு. முதல் பத்து வளைவுகளில் கேவ்முன் புத்தரை மட்டும்தான் கூப்பிட்டாள். பதினொன்றாவது வளைவில் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்த்தாள்.

"ஏய், கண்ணு மங்குதுடி!"

"உங்க கண்ணா, மீனு கண்ணா?"

"மீனு கண்ணுதான்! செதில் கிட்ட சாம்பலடிக்குது! நிறுத்து, நீயே பாரு!"

நிறுத்தினாள். பார்த்தாள். பார்த்து, நடு ரோட்டில் தையத்தக்கா என்று குதித்தாள். மீனின் வயிற்றில் சின்னச் சின்னக் குமிழ் ஒட்டியிருந்தது. பளபளப்பு செத்து, மழைமேகம் படிந்தாற்போல் இருந்தது. அரைமணி நேரத்தில்! வாயில் எட்டு மாதம், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்!

"இதையா நான் வாயில வச்சிருந்தேன்?" கேவ்முன்னின் குரல் முதல்தடவையாக இறங்கியது. "அதான் ஈறு எரிஞ்சுதா? மருந்து வேலை செய்யுதுன்னுல்ல நெனச்சேன்."

அடிவாரம் வந்ததும் வந்தது வினை. பண்டிகை நாளைக்குத்தான், ஆனால் தண்ணீர் இன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. ரோட்டோரம் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர், அதில் பனிக்கட்டி, சுற்றிலும் பூப்போட்ட சட்டை போட்ட கூட்டம். ஒரு வண்டியும் நனையாமல் போக முடியாது. பைக் என்றால் கொண்டாட்டம். முதல் வாளி புவாலாயின் மூஞ்சியில் விழுந்தது. இரண்டாவது கேவ்முன்னின் கழுத்துக்குள் இறங்கியது.

"அடப் பாவிகளா, எலும்பு வரைக்கும் சில்லுங்குதே!"

"பாட்டில்! அக்கா, பாட்டில்!"

கடைத்தெருவில் பத்துப் பேர் மறித்துவிட்டார்கள். ஒருத்தி கன்னத்தில் வெள்ளை மாவு பூசினாள். ஒருத்தன் பாட்டிலை ஏதோ நாட்டுச்சரக்கு என்று நினைத்து, "எங்களுக்கும் ஒரு மொடக்கு!" என்று கை நீட்டினான். கேவ்முன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கீழ்ப்பல் இல்லாத வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினாள்:

"குடிடா! குடிச்சுப் பாரு! என் பல்லு போனது இதுலதான்டா!"

கூட்டம் அப்படியே இரண்டாகப் பிளந்து வழி விட்டது. புவாலாய் அந்த அவசரத்திலும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டு பத்துக்கு ஆஸ்பத்திரிக்குள் ஓடினார்கள். கூட்ட அறைக் கதவுக்கு வெளியிலேயே சுத்திபோங்கின் குரல் கேட்டது. அவளுடைய புகாரை வாசித்துக்கொண்டிருந்தார். "…ஏழை மலைவாசிகள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற துணிச்சலில் இவர் செய்த இந்த ஈனச் செயல்…" எழுதும்போது எவ்வளவு நன்றாக இருந்த வரி! இப்போது ஒவ்வொரு சொல்லும் அவள் கன்னத்தில் அறைந்தது. கதவைத் தள்ளினாள்.

நீள மேசை. தலைப்பக்கம் டாக்டர் விரோட். பக்கத்தில் மற்ற டாக்டர்கள், நர்சுகள். மூலையில் இன்சோம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். காலடியில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் அவனுடைய அரங்களும் தூரிகைகளும்.

"நிறுத்துங்க சார்! அந்த லெட்டர் தப்பு. நான் எழுதினது தப்பு."

தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மூஞ்சியெல்லாம் மாவோடு, மூச்சு வாங்க வாங்க நடந்ததைச் சொன்னாள். கேவ்முன் நடு நடுவே, "ஆமா, நான்தான்," "அப்படித்தான் சுருட்டுவேன்," என்று சாட்சி சொன்னாள். பாட்டிலிலிருந்து மீனை இடுக்கியால் எடுத்துக் கழுவி மேசையில் வைத்தாள் புவாலாய். சாம்பல் நிற மீன். மற்றவர்கள் தங்கள் தங்கள் சாவிக் கொத்தை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய மீன்கள் மின்னின.

சுத்திபோங் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இந்த மீனைச் செஞ்சது யாரு? இவருதானே? கம்பி போலின்னா மீனும் போலியா இருக்கலாமே. இது எப்படி ஆதாரம் ஆகும்?"

அட, மனுஷன் சொல்வதிலும் நியாயம் இருந்தது! அப்போது இன்சோம் முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினான்.

"டாக்டர் அலமாரியில சீல் போட்ட பொட்டலம் இருக்கு. உலோகத்தோட சேர்த்துக் கம்பெனி அனுப்பின மாதிரித் துண்டு. ரெண்டு இருக்கும். நான் தொட்டதே இல்ல."

"அது சோதனைக்குப் பாங்காக்குக்கு அனுப்ப வேண்டியது," என்றார் சுத்திபோங்.

டாக்டர் விரோட் எழுந்துபோய் அவரே பொட்டலத்தை எடுத்துவந்தார். முத்திரையை எல்லாருக்கும் காட்டினார். கிழித்தார். ஒரு துண்டை மேசையில் வைத்தார், இன்னொன்றைப் பாட்டிலில் போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

காத்திருப்பது என்றால் அப்படியொரு காத்திருப்பு! யாரும் நாற்காலியில் இல்லை. எல்லாருடைய மூக்கும் பாட்டிலுக்கு ஒரு சாண் தூரத்தில். ஐந்து நிமிஷம், ஒன்றுமில்லை. பத்து நிமிஷம். "குமிழ் மாதிரி தெரியுதே?" என்றாள் ஒரு நர்ஸ். "அது காத்து," என்றார் சுத்திபோங். பதினைந்து நிமிஷம். புவாலாய் மனசுக்குள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள். மலையில் கண்ணெதிரே மங்கினது இங்கே வந்து மக்கர் பண்ணினால்? இருபத்தைந்து நிமிஷம். டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டுத் துண்டை எடுத்தார், கழுவினார், துடைத்தார், மேசையிலிருந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒன்று கண்ணாடி. ஒன்று சாம்பல்.

"அடி சக்கை!" என்று கேவ்முன் தொடையில் தட்டினாள். அறை முழுக்க ஒரே சத்தம். சுத்திபோங்கூட, "சரிதான், சரிதான், இது ஆதாரம்," என்று தன் காகிதத்தில் அவசரமாக எழுதினார்.

இன்சோம் இரண்டு துண்டையும் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "வார்த்தெடுத்த கம்பி மேல கெட்டியா ஒரு ஓடு இருக்கும்," என்றான் மெதுவாக. "அதக் கரைக்க நான் முக்குறது இதே அமிலம்தான். கையுறை ரெண்டு போட்டுக்கிட்டு முக்குவேன். ரெண்டு பூட்டு போட்டு வச்சிருக்கேன். இவங்க கன்னத்துல வச்சிருக்காங்க. தினம் அதத் தொட்டும் எனக்கு இது தோணல பாருங்க."

"உனக்கு எப்படித் தோணும்? எனக்கே தோணல, செஞ்சவ நான்," என்றாள் கேவ்முன்.

டாக்டர் விரோட் மேசையிலிருந்த வேலைநீக்க உத்தரவை எடுத்து நாலாகக் கிழித்தார். ஐந்து கம்பிகளையும் கழற்றி, லீவு முடிந்ததும் இன்சோமே புதிதாகப் பூட்ட வேண்டும் என்றார். ஜெல்லை அன்றைக்கே நிறுத்த வேண்டும், மேல்பல்லுக்கு வேறு வழி பார்க்கலாம் என்றார். அப்புறம் கேட்டார்: "வாயில நேரம் கணக்கில்லாம வச்சிருக்கச் சொன்னது யாரு?"

கேவ்முன் வாயைத் திறந்தாள், "யாரும் சொல்லல, நானா…"

"நான்தான் சொன்னேன் டாக்டர்," என்றாள் புவாலாய். "எதோட வைக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. மியாங் எடுக்குற வீட்டுல பொறந்தவ நான். நான் கேட்டிருக்கணும்."

"எழுதிக் குடுங்க," என்றார் டாக்டர்.

அங்கேயே, நின்றபடியே, சுத்திபோங்கின் பேனாவை வாங்கி எழுதினாள். அரைப்பக்கம்தான் வந்தது. கையெழுத்துப் போட்டாள். காகிதம் பூராவும் தண்ணீர் சொட்டியிருந்தது.

மணி மூன்றரை. நர்சுகள் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துவந்து மேசை ஓரத்தில் வைத்தார்கள். சீயக்காய் வாசம் அறையில் பரவியது. டாக்டர் விரோட் வழக்கம்போல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வயசிலும் வேலையிலும் மூத்த நர்ஸ் என்பதால் முதலில் ஊற்ற வேண்டியவள் புவாலாய். கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். டாக்டரைத் தாண்டி நடந்தாள். மூலைக்குப் போய், அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில், இன்சோமின் முன்னால் மண்டியிட்டாள்.

"கையை நீட்டு."

அவன் பதறி எழுந்தான். "அக்கா! வேணாம்க்கா! நான் சின்னவன். பெரியவங்க எனக்கு ஊத்தக் கூடாது. வழக்கமே இல்ல."

"வழக்கத்த எனக்குச் சொல்லித் தராத. தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்புக்குன்னு சொல்லித்தானே ஊத்துறோம்? ஜெல் குடுத்தது தெரியாம செஞ்சது. உன்னைத் திருடன்னு எழுதினது தெரிஞ்சே செஞ்சது. உக்காரு. கையை நீட்டு."

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தலையசைத்தார். இன்சோம் உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். நகக்கண்ணெல்லாம் கம்பி ராவின கறுப்பு. புவாலாய் ஊற்றினாள். பாதித் தண்ணீர் அவன் மடியில் போயிற்று.

வாங்கிக்கொண்டவன் ஆசி சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம்தான். நீண்ட ஆயுசு, நோயில்லாத உடம்பு என்று பெரியவர்கள் மளமளவென்று சொல்லிக்கொண்டே போவார்கள். இன்சோம் இதுவரை யாருக்கும் ஆசி சொன்னவனில்லை. காதெல்லாம் சிவந்து, ஈரக் கையைக் காற்றில் பிடித்தபடி, என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தான். அறை முழுக்க அவன் வாயையே பார்த்தது.

"அக்கா…" என்றான் கடைசியில். "உங்க பல்லு ஒண்ணுகூட விழாம இருக்கணும்."

புவாலாய் பொலபொலவென்று அழுதுவிட்டாள். முதலில் சிரித்தது கேவ்முன்தான், வாய் நிறைய, மங்கின கம்பி தெரிய.